ஏற்காட்டு எடைச் சீட்டுக்குப் பழைய பைத்தான்: டெபியன் 12-இல் 2.7-ஐ பேக்கேஜாகக் கட்டிய அனுபவம்

பைத்தான் என்ற புரோகிராம் மொழியின் 2.7 பதிப்பை, டெபியன் 12 என்ற லினக்ஸ் டிஸ்ட்ரிபியூஷனுக்கு ஒரு தனி பேக்கேஜாக, அதாவது நேராக இன்ஸ்டால் செய்கிற பொதியாகக் கட்டி, ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் ஆபீஸில் போட்டு ஓடவிட்டிருக்கிறேன். எப்படிச் செய்தேன், எங்கே முட்டியது, வேறு வழிகள் இருந்தும் ஏன் இந்த வழியைப் பிடித்தேன் என்பதை எழுதி வைத்துவிடுகிறேன். சேலத்தில் சின்ன மில்லுக்கும் பட்டறைக்கும் கம்ப்யூட்டர் பார்த்துக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறோம், இதே வேலை என்றாவது ஒருநாள் உங்கள் கைக்கும் வரும்.

எஸ்டேட் நாகலூர் பக்கம். ஐப்பசி மழையில் விழுந்த ஒரு இடியில் ஆபீஸ் கம்ப்யூட்டரின் மதர்போர்டு போய்விட்டது, ஹார்டு டிஸ்க் மட்டும் தப்பியது. அதில் டெபியன் 10, அதன் மேல் பைத்தான் 2.7-இல் எழுதிய எடைக் கணக்கு புரோகிராம். நவம்பரில் பழம் பறிப்பு தொடங்கினால் சீசன் முடிகிற வரை தினமும் சாயங்காலம் இதற்கு வேலை இருக்கும். பறித்த பழத்தை மூட்டையோடு எலக்ட்ரானிக் தராசில் வைப்பார்கள், எடை சீரியல் கேபிள் வழியாக உள்ளே வரும், ரைட்டர் (எஸ்டேட் கணக்கர்) பறித்தவர் பெயரைத் தேர்ந்தெடுத்து ஒரு பட்டனைத் தட்டுவார், டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரில் தமிழில் சீட்டு வரும். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் வாரக் கடைசியில் கூலி. எழுதிக் கொடுத்த பையன் வெளிநாடு போய்ப் பல வருடம் ஆகிறது, ஆனால் நன்றாகத்தான் எழுதியிருக்கிறான், இத்தனை சீசன் ஓடியிருக்கிறதே.

புது போர்டில் அதே டிஸ்க்கை மாட்டினேன். டெபியன் 10 எழுந்தது, ஆனால் அதன் 4.19 கெர்னலுக்கு (லினக்ஸின் மையப் பகுதி) அந்த போர்டின் நெட்வொர்க் சிப்பும் டிஸ்ப்ளேயும் அடையாளம் தெரியவில்லை. டெபியன் 12-இன் 6.1 கெர்னலில் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தது. ஆக மெஷினுக்குப் புது டிஸ்ட்ரிபியூஷன் வேண்டும், புரோகிராமுக்குப் பழைய மொழி வேண்டும். டெபியன் 12-இல் பைத்தான் 2 கிடையாது.

பைத்தான் 3 வந்தது 2008 டிசம்பரில். 2.7-க்கு முதலில் 2015 வரை என்று சொல்லி, பிறகு 2020 ஜனவரி 1 வரை நீட்டினார்கள், கடைசிப் பதிப்பான 2.7.18 அந்த ஏப்ரலில் வந்தது. 2019-இல் வந்த டெபியன் 10-இல் 2.7-உம் அதைச் சுற்றிய மாட்யூல்களும் (கூடச் சேர்த்துக்கொள்ளும் துணைத் தொகுதிகள்) முழுசாக இருந்தன. 2021-இல் வந்த 11-இல் புரோகிராமைப் படித்து ஓட்டுகிற இன்டர்ப்ரெட்டர் மட்டும் மிஞ்சியது, சீரியலுக்கும் படத்துக்கும் வேண்டிய மாட்யூல்களில் பைத்தான் 2-க்கானவை போய்விட்டன. 2023 ஜூனில் வந்த 12-இல் எதுவுமே இல்லை. இதற்காக டெபியன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஒரு மொழியின் பழைய பதிப்பை டிஸ்ட்ரிபியூஷனில் வைத்திருப்பது என்றால் அதில் வருகிற ஒவ்வொரு ஓட்டையையும் அடைக்க ஆள் வேண்டும், மேலே தொங்குகிற ஒவ்வொரு மாட்யூலையும் புதுக் கம்பைலரில் திரும்பத் திரும்பக் கட்டிப் பார்க்க ஆள் வேண்டும். பெரும்பாலும் தன்னார்வமாகச் செய்கிறவர்கள், மொழியை உருவாக்கியவர்களே கைவிட்ட பிறகு எத்தனை வருடம் தாங்குவார்கள்? நீக்கியது சரிதான். ஆனால் நீக்கிய பிறகும் தேவை இருக்கிறவனுக்கு ஒழுங்கான வழி ஒன்று இருக்க வேண்டும், அதைத் தேவைப்படுகிறவன்தான் செய்ய வேண்டும்.

பைத்தான் 3-க்கு மாற்றிவிடலாமே என்று எல்லோரும் கேட்பார்கள். மாற்ற வேண்டும்தான், மாற்றிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் சீசன் வாசலில் நிற்கும்போது கூலிக் கணக்கில் கை வைக்கிற வேலை அது. பிரிண்டுக்கு அடைப்புக்குறி போடுவது மாதிரி வெளியே தெரிகிற வித்தியாசங்கள் எர்ரர் கொடுத்து நின்றுவிடும், நின்றால் திருத்திக்கொள்ளலாம். நிற்காமல் ஓடி வேறு விடை தருகிற இடங்கள்தான் கவலை. ஒருவர் 82.5 கிலோ பறித்திருக்கிறார், கிலோவுக்கு 5 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 412 ரூபாய் 50 காசு. புரோகிராம் இதை ரவுண்டு செய்து முழு ரூபாய் ஆக்குகிறது. பைத்தான் 2-இன் ரவுண்டு பாதியை மேலே ஏற்றும், 413. பைத்தான் 3-இல் சரிபாதி வந்தால் பக்கத்து இரட்டைப்படை எண்ணுக்குப் போகும், 412. தொகை 413.50 என்றால் இரண்டிலும் 414. பெரிய கூட்டல்களில் ஒரே பக்கம் சாயாமல் இருக்க பைத்தான் 3 செய்வது நல்ல முறைதான். கூலிச் சீட்டில் அது சிலருக்கு, சில நாள், உள்ள தொகையைவிட எட்டணா குறையாக வந்து நிற்கும்.

ரைட்டரிடம் இதைக் காகிதத்தில் போட்டுக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, எட்டணாதானேன்னு நாம சொல்லிறலாம். போன வருசம் இதே எடைக்கு 413 குடுத்தீங்களே, இப்ப ஏன் 412-னு அந்தம்மா வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? கம்ப்யூட்டர் மாத்திட்டோம்னா?" என்றார். அவர் கேட்டது முழுக்க நியாயம். கணக்கை மாற்றுவதென்றால் எஸ்டேட்காரர்கள் முடிவெடுத்து, ஆட்களிடம் சொல்லி மாற்ற வேண்டும். ஒரு மொழியின் பதிப்பு மாறியதால் கூலி தானாக மாறக் கூடாது.

இன்னும் இரண்டு இடம் இருந்தது. குழுவாகப் பறித்த கூலியைத் தலைக்குப் பிரிக்கிற இடத்தில் 1000-ஐ 3-ஆல் வகுத்தால் பைத்தான் 2-இல் 333, மீதி ஒரு ரூபாயை மறுநாள் கணக்கில் சேர்க்கிற வரி அடுத்ததாகவே இருக்கிறது. பைத்தான் 3-இல் அது 333.33 என்று புள்ளியோடு நீள, மீதி என்ற ஒன்றே இல்லாமல் போகும். அப்புறம், எடை இன்னும் ஏறாத ஆளுக்கு எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸில் காலியாக இருக்கும் கட்டத்தை பைத்தான் 2 எல்லா எண்ணுக்கும் கீழே வைத்து வரிசைப்படுத்தும், பைத்தான் 3 டைப் எர்ரர் போட்டு நிற்கும்.

சரி, 2.7 வேண்டும் என்று முடிவானது. அதை எப்படிக் கொண்டுவருவது?

சுலபமாகத் தெரிந்த வழி, டெபியன் 11-இன் ரெப்போவையும் (பேக்கேஜ்கள் இருக்கும் கிடங்கு) சோர்ஸ் லிஸ்டில் சேர்த்து அங்கிருந்து 2.7-ஐ இழுப்பது. பலர் இப்படித்தான் செய்கிறார்கள், வேலையும் செய்யும். ஆனால் அந்த 2.7 பழைய ஓபன்எஸ்எஸ்எல் 1.1 (வலையில் பாதுகாப்பாகப் பேச உதவுவது), லிப்எஃப்எஃப்ஐ 7 என்ற லைப்ரரிகளைக் கையோடு கூட்டி வரும், 12-இல் இருப்பது ஓபன்எஸ்எஸ்எல் 3-உம் லிப்எஃப்எஃப்ஐ 8-உம். ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கு அதை எழுதுகிறவர்களின் பொது ஆதரவு 2023 செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஒரு சின்ன புரோகிராமுக்காகப் பழைய ரிலீஸ் முழுவதற்கும் கதவைத் திறந்து வைத்து, ஒவ்வொரு அப்கிரேடிலும் எது எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை.

இரண்டாவது, டெபியன் 10 முழுவதையும் ஒரு சிஎச்ரூட்டுக்குள், அதாவது சிஸ்டத்துக்குள்ளேயே பிரித்து வைத்த தனி அடைவுக்குள் போடுவது. அதன் பேக்கேஜ்கள் ஆர்க்கைவ் டெபியன் தளத்தில் இன்றும் இருக்கின்றன, 2005-இலிருந்து டெபியனில் வந்த பதிப்புகளைத் தேதிவாரியாக எடுத்துக்கொள்ள ஸ்னாப்ஷாட் தளமும் இருக்கிறது. பழைய மென்பொருளைத் திரும்ப எழுப்புகிறவர்களுக்கு இந்த இரண்டும் பெரிய உபகாரம். ஆனால் தராசு, பிரிண்டர், திரை மூன்றையும் உள்ளே கொண்டுபோக வேண்டும், ஏதாவது நின்றால் ரைட்டருக்கு போனில் வழி சொல்லவும் முடியாது. மூன்றாவது, பல பைத்தான் பதிப்புகளை வைத்துக்கொள்ள உதவும் பைஎன்வ் மாதிரி ஒன்றை வைத்து ஹோம் அடைவுக்குள் கம்பைல் செய்துகொள்வது. டெவலப்பர் லேப்டாப்புக்கு அருமையான கருவி. இங்கே சரிவராது, காரணத்தைக் கீழே சொல்கிறேன், நான் பேக்கேஜ் பக்கம் வந்ததே அந்தக் காரணத்தால்தான்.

மற்ற டிஸ்ட்ரிபியூஷன்காரர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்றும் பார்த்தேன். ஜென்டூவில் ஸ்லாட் என்ற ஏற்பாடு, ஒரே பேக்கேஜின் பல பதிப்புகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். நிக்ஸில் ஒவ்வொன்றும் தனி ஹேஷ் போட்ட பாதையில் போவதால் மோதலே வராது, 2.7-ஐ வைத்திருக்கிறார்கள், ஆனால் பாதுகாப்பற்றது என்று குறியிட்டு, தெரிந்தேதான் போடுகிறேன் என்று நாம் சொன்னால்தான் இன்ஸ்டால் ஆகும். ஃபெடோராவில் பழைய பைத்தான்களைத் தனித்தனிப் பேக்கேஜாக வைக்கிறார்கள், நோக்கம் டெவலப்பர்கள் தங்கள் புரோகிராமைப் பழைய பதிப்பில் சோதித்துப் பார்ப்பது. அவர்களும் 41-ஆம் பதிப்பில் 2.7-ஐ எடுத்துவிட்டார்கள். உபுண்டுவுக்கு டெட்ஸ்நேக்ஸ் என்ற பிபிஏ (தனியார் வைத்திருக்கும் ரெப்போ). பிஎச்பி என்ற இன்னொரு மொழியின் பக்கம் போனால் ஓண்ட்ரே சூரி என்ற டெபியன் டெவலப்பர் 5.6 தொடங்கி இன்றைய பதிப்பு வரை ஒரே மெஷினில் பக்கத்துப் பக்கமாக நிற்கிற மாதிரி தனி ரெப்போ வைத்திருக்கிறார். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் பில்லிங் அந்த 5.6-இல்தான் இன்னும் ஓடுகிறது, அதில் இருக்கும் பழைய மைஎஸ்க்யூஎல் ஃபங்ஷன்கள் பிஎச்பி 7-இலேயே நீக்கப்பட்டவை. ஒரு பதிப்பின் பெயர் இன்னொன்றின் பெயரோடு மோதாமல் வைத்திருக்கிற அந்த ஒழுங்கைத்தான் நான் மாதிரியாக எடுத்துக்கொண்டேன்.

இனி கட்டிய கதை. பேக்கேஜ் கட்டித் தருகிற எஸ்பில்டு கருவியை வைத்து டெபியன் 12-இன் சுத்தமான சிஎச்ரூட் ஒன்று. அதற்குள் 2.7.18 சோர்ஸ், கூட ஜீலிப், ரீட்லைன், எஸ்க்யூலைட், டிகே, லிப்எஃப்எஃப்ஐ ஆகியவற்றின் டெவ் பேக்கேஜ்கள் (கம்பைல் செய்யத் தேவையானவை). புரோகிராமின் திரை, டிகே-யைப் பயன்படுத்தும் டிகேஇன்டர் மாட்யூலில் எழுதியது என்பதால் டிகே கட்டாயம். எஸ்எஸ்எல் டெவ் பேக்கேஜை வேண்டுமென்றே போடவில்லை. இந்த 2.7-க்கு இனி ஓட்டை அடைக்க யாரும் இல்லை, அது வலைக்குள் போய்ப் பேசவே கூடாது, பேசுகிற கருவியே உள்ளே இல்லாவிட்டால் நாளைக்கு யாரும் தெரியாமல் பயன்படுத்திவிட முடியாது. எஸ்எஸ்எல் இல்லாமல் கட்டினால் எம்டி5, எஸ்எச்ஏ போன்ற ஹேஷ் கணக்குகள் எல்லாம் போய்விடுமோ என்று சிலர் பயப்படுவார்கள். போகாது, 2.7-இன் சோர்ஸிலேயே அவற்றுக்குச் சொந்த மாட்யூல் இருக்கிறது, ஓபன்எஸ்எஸ்எல் கிடைக்காவிட்டால் அதைக் கட்டிக்கொள்ளும். கடைசியில், கிடைக்காத மாட்யூல்கள் என்று ஒரு பட்டியல் திரையில் வரும். அதில் டிஎல், இமேஜ்ஆப் போன்ற பெயர்கள் 64 பிட்டில் எப்போதும் வருபவை, அவற்றை விட்டுவிடலாம். எஸ்க்யூலைட்டும் டிகேஇன்டரும் அந்தப் பட்டியலில் இல்லையா என்று மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பாருங்கள்.

இன்ஸ்டால் ஆகிற இடமான ப்ரிஃபிக்ஸ், ஓப்ட் அடைவுக்குள் ஒரு தனி அடைவு. மேக் இன்ஸ்டால் கொடுக்காமல் மேக் ஆல்ட்இன்ஸ்டால் கொடுக்க வேண்டும், அப்போதுதான் வெறும் பைத்தான் என்ற பெயரில் எதுவும் உருவாகாது, பைத்தான்2.7 என்று பதிப்போடு சேர்ந்த பெயர் மட்டும் வரும். சிஸ்டத்தின் பின் அடைவில் ஒரு லிங்க்கூடப் போடவில்லை. டெபியனின் சொந்தக் கருவிகள் பலவும் பைத்தான் 3-இல் நிற்பவை, அவற்றின் பாதையில் பழையது குறுக்கே வரக் கூடாது. பேக்கேஜுக்கும் டெபியன் வைத்திருந்த பெயரை வைக்காமல் பின்னால் ஒரு ஒட்டுச் சேர்த்துவிட்டேன். ஓப்ட்டுக்குள் ஃபைல் போடுகிறாயே என்று பேக்கேஜைச் சோதிக்கும் லின்டியன் கருவி எச்சரிக்கும், அந்த விதி டெபியனுக்குள் போகும் பேக்கேஜுக்கு, நம்முடையது வெளியே நிற்பது.

இப்போது பைஎன்வ் ஏன் வேண்டாம் என்ற விஷயம். பைத்தானைக் கம்பைல் செய்தால் அது சிஸ்டத்தில் இருக்கும் ரீட்லைன், எஸ்க்யூலைட், லிப்எஃப்எஃப்ஐ என்று பல லைப்ரரிகளைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஹோம் அடைவில் கம்பைல் செய்தால் அந்தப் பிடிப்பு டெபியனில் பேக்கேஜ்களைப் போட்டு எடுக்கிற ஏபிடிக்குத் தெரியாது. அடுத்த ரிலீஸுக்கு அப்கிரேடு செய்யும்போது லிப்எஃப்எஃப்ஐ 7 போய் 8 வந்தது மாதிரி ஏதாவது ஒன்று மாறும், ஏபிடி பழையதை யாருக்கும் வேண்டாததென்று துடைத்துவிடும், புரோகிராம் மறுநாள் சாயங்காலம் தராசு முன்னால் வரிசை நிற்கும்போது திறக்காது. டெப் (டெபியன் பேக்கேஜ் ஃபைல்) ஆகக் கட்டினால் டிபிகேஜி-எஸ்எச்லிப்டெப்ஸ் என்ற கருவி ஒவ்வொரு பைனரியையும் திறந்து பார்த்து, எந்த லைப்ரரி எந்தப் பதிப்பு வேண்டும் என்று பேக்கேஜுக்குள்ளேயே எழுதிவிடும். அப்புறம் அதை நீக்கப் போனால், இந்தப் பேக்கேஜும் போகும் என்று ஏபிடி முன்கூட்டியே சொல்லும். பழைய பதிப்பை டிஸ்ட்ரிபியூஷனுக்குள் வைப்பதன் முழுப் பலனும் எனக்கு இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. இன்டர்ப்ரெட்டர் ஃபைல் பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும், அதன் காலடியில் இருப்பவைதான் நகரும், நகர்வதை யாராவது கணக்கில் வைத்திருக்க வேண்டும்.

பேக்கேஜ் போட்டு முடித்து, கடையில் சேர்த்து வைத்திருந்த, படம் வரைகிற மாட்யூலான பில்லோ 6.2.2-இன் வீலை (கம்பைல் செய்து தயாராக வருகிற பைத்தான் பொதி) ஏற்றப் போனேன். பைத்தான் 2.7-க்கு வந்த கடைசி பில்லோ வரிசை அது, மாட்யூல்களை ஏற்றுகிற கருவியான பிப்பில் கடைசி 20.3.4. இந்த பிளாட்ஃபார்முக்குப் பொருந்தாத வீல் என்று பிப் மறுத்தது. வீலின் பெயரில் சிபி27எம்யூ என்று இருக்கிறது, என் பைத்தான் சிபி27எம். அந்த யூ எழுத்துதான் விஷயம். பைத்தான் 2-இல் யூனிகோட் எழுத்தை உள்ளே 2 பைட்டில் வைப்பதா 4 பைட்டில் வைப்பதா என்பது கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும். சோர்ஸை அப்படியே கட்டினால் 2, டெபியன் எப்போதும் 4 என்று கட்டியது. தமிழ் எழுத்துக்கு 2 பைட்டே போதும், எழுத்தில் வித்தியாசம் ஒன்றும் தெரியாது. ஆனால் சி-யில் எழுதிய மாட்யூல்கள் ஒன்றுக்குக் கட்டியது மற்றதில் ஏறாது. டெபியன் காலத்துப் புரோகிராமுக்கு டெபியன் கட்டிய மாதிரியே கட்டுவதுதான் முறை. கான்ஃபிகரில் யூனிகோடுக்கு யூசிஎஸ்4 என்று கொடுத்து மறுபடி கட்டியதும் சிஸ் மாட்யூலின் மேக்ஸ்யூனிகோட் 65535-இலிருந்து 1114111 ஆனது, வீல் ஏறியது.

சீட்டு அடித்துப் பார்த்தால் "செல்லம்மாள்" என்ற பெயரில் கொம்பு ச-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது என்பதால் புரோகிராம் பெயரைப் படமாக வரைந்து கிராஃபிக்ஸாக அனுப்புகிறது, வரைகிற வேலை பில்லோவுடையது. கொம்பை முன்னால் கொண்டுவர, எழுத்துகளைச் சரியான இடத்தில் அடுக்கும் ராக்ம் லைப்ரரி பில்லோவுக்கு வேண்டும், 5.0-இலிருந்து பில்லோ அதை ஓடும்போது சிஸ்டத்தில் தேடி எடுத்துக்கொள்ளும். டெபியன் 12-இல் ராக்ம் இருக்கிறது, ஏபிடியில் போட்டால் முடிந்தது. ஆனால் ஒரு உறுத்தல். வீலுக்குள் பில்லோ, எழுத்துருவைப் படித்து வரைகிற ஃப்ரீடைப் லைப்ரரியைத் தனக்கென்று பொதிந்து வைத்திருக்கும், சிஸ்டத்தின் ராக்ம் சிஸ்டத்தின் ஃப்ரீடைப்பைப் பிடிக்கும். ஒரே புராசஸுக்குள் இரண்டு ஃப்ரீடைப் கைமாற்றிக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. அதனால் வீலை விட்டுவிட்டு பில்லோவையும் சோர்ஸிலிருந்து, சிஸ்டத்தின் ஃப்ரீடைப்போடு சேர்த்துக் கட்டி, அதையும் ஒரு டெப் ஆக்கினேன். ஃபீச்சர்ஸ் மாட்யூலில் ராக்ம் இருக்கிறதா என்று கேட்டால் ட்ரூ என்று வர வேண்டும். வந்தது. செல்லம்மாள், கோவிந்தம்மாள், பொன்னுசாமி எல்லோரும் ஒழுங்காக அச்சில் வந்தார்கள்.

அடுத்தது, புரோகிராம் திறந்து பெயர் பட்டியலை ஏற்றும்போதே யூனிகோட் டீகோட் எர்ரர். ஆஸ்கி கோடெக்கால் 0எக்ஸ்இ0 என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று. பைத்தான் 2-இல் தமிழோடு வேலை செய்தவர்களுக்கு இந்த வரி மனப்பாடமாக இருக்கும். யூடிஎஃப்-8-இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் 3 பைட், முதல் பைட் எப்போதும் இ0, ஆகையால் பட்டியலில் எந்தப் பெயராக இருந்தாலும் முதல் எழுத்திலேயே விழும். பழைய மெஷினில் இதே கோடு இத்தனை வருடம் விழாமல் ஓடியது எப்படி? பழைய டிஸ்க்கை மவுண்ட் செய்து தேடினேன். புரோகிராமின் அடைவில் ஒன்றும் இல்லை. டெபியன் 2.7-க்கு இடிசி அடைவுக்குள் சைட்கஸ்டமைஸ் என்று ஒரு ஃபைல் வைத்திருந்தது, பைத்தான் எழும்போதே அது ஓடும். எழுதிய பையன் அதில் இரண்டு வரி சேர்த்து டிஃபால்ட் என்கோடிங்கை யூடிஎஃப்-8 ஆக்கியிருக்கிறான். குறுக்கு வழி போகாமல் புரோகிராமுக்குள் அதைச் செய்ய முடியாது, ஏனென்றால் சைட்கஸ்டமைஸ் ஓடி முடிந்ததும் பைத்தான் அந்த ஃபங்ஷனையே நீக்கிவிடும்.

அந்த இரண்டு வரியை என் பைத்தான் பேக்கேஜுக்குள் வைக்கவில்லை. மொழியின் பேக்கேஜ் மொழியாக மட்டும் இருக்க வேண்டும், அதை நாளைக்கு வேறொரு மில்லிலும் போடுவேன். எடைக் கணக்கு புரோகிராமை ஒரு தனி டெப் ஆக்கி, அதன் அடைவுக்குள் சைட்கஸ்டமைஸை வைத்து, கிளப்பி விடுகிற ஷெல் ஃபைலில் பைத்தான்பாத் அங்கே பார்க்கிற மாதிரி கொடுத்துவிட்டேன். சீரியல் கேபிளைப் படிக்கிற பைசீரியல் 3.5 இரண்டு பைத்தானுக்கும் பொதுவான வீல், அதுவும் அதே அடைவில். பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போட நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: இடிசி அடைவு முழுவதையும் காப்பி எடுத்து வைத்த பிறகு போடுங்கள்.

இந்தப் பேக்கேஜ்களுக்கான என் சொந்த ரெப்போ, ரெப்ரெப்ரோ என்ற கருவியில் கட்டியது, ஜிபிஜி சாவியால் கையெழுத்திட்டது. டெபியன் 12-இல் ஏபிடி-கீ பக்கம் போகவே வேண்டாம், சாவியைக் கீரிங்ஸ் அடைவில் வைத்து, சோர்ஸ் வரியில் சைன்ட்-பை என்று அந்த ஒரு ரெப்போவுக்கு மட்டும் கட்டிவிட்டால் போதும். முதன்மைக் காப்பி ஐந்து ரோட்டில் என் கடை மெஷினில், இன்னொன்று யூஎஸ்பி ஹார்டு டிஸ்க்கில். மேலே மழை பிடித்தால் நெட் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய் டவுன்லோடு ஆகவில்லை என்று திரும்ப முடியாது. அதனால் ஏபிடிக்கு ஃபைல் பாதையையே சோர்ஸாகக் கொடுத்து, எல்லாம் அந்த டிஸ்க்கிலிருந்தே ஏறுகிற மாதிரி வைத்தேன். டெப் மட்டும் வைத்தால் போதாது. 2.7.18-இன் சோர்ஸ், அதன் கையெழுத்து ஃபைல், பில்லோ சோர்ஸ், கட்டுகிற விதிகள் எல்லாம் சோர்ஸ் பேக்கேஜாக அதே ரெப்போவில் இருக்கின்றன. நான் இல்லாவிட்டாலும் வேறொருவர் அதைத் திறந்து திரும்பக் கட்ட முடிய வேண்டும்.

இனி பைத்தான் 3-க்கு மாற்றுகிற வேலை. அதற்குத்தான் பழைய பதிப்பு கட்டாயம் கையில் வேண்டும். 2.7-ஐ க்யூவார்ன் என்ற ஆப்ஷனோடு ஓட்டினால், முழு எண்ணை முழு எண்ணால் வகுக்கிற ஒவ்வொரு வரியிலும் எச்சரிக்கை போடும். இந்த வரியில் விடை மாறப் போகிறது என்று சொல்லத் தெரிந்தது அந்தப் பழைய இன்டர்ப்ரெட்டர் ஒன்றுதான், பைத்தான் 3-க்கு அந்த வகுத்தல் இயல்பானது, அது எதற்கு எச்சரிக்கும்? போன சீசனின் பதிவுகளை ஏற்றி ஓட்டியதில் தலைக்குப் பிரிக்கிற இடமும், நான் கவனிக்காத ஒரு சராசரிக் கணக்கும் வெளியே வந்தன. கோடை மாற்றித் தருகிற 2டூ3 கருவி டெபியன் 12-இன் 3.11-இல் இருக்கிறது, பைத்தான் 3.13-இல் அதையும் நீக்கிவிட்டார்கள், டெபியன் 13-இல் வருவது 3.13. பழையதிலிருந்து வெளியே வருவதற்கான ஏணியும் பழையதோடுதான் இருக்கிறது. பைத்தான் 2-ஐ முழுக்கத் துடைத்துவிட்டுப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், மாற்றியது சரியா என்று ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது.

நான் செய்கிற ஒப்பீடு எளிமையானது. போன சீசனில் தராசிலிருந்து வந்த எடை வரிகள் லாகில் அப்படியே இருக்கின்றன. அதே வரிகளை 2.7-இல் பழைய புரோகிராமுக்கும், 3.11-இல் புதியதற்கும் கொடுத்து, இரண்டும் எழுதுகிற சீட்டுகளை, வித்தியாசமான வரிகளை மட்டும் காட்டுகிற டிஃப் போட்டுப் பார்க்கிறேன். முதல் சுற்றில் வந்த வித்தியாசங்களில் பெரும்பகுதி 50 காசில் முடிகிற தொகைகள், நினைத்தது போலவே. ரவுண்டு ஃபங்ஷனை எடுத்துவிட்டு டெசிமல் மாட்யூலில் பாதியை மேலேற்றுகிற முறையைக் கொடுத்ததும் அவை மறைந்தன. வகுத்தலுக்கு இரட்டைச் சாய்கோடு. சீரியல் வரி பைத்தான் 3-இல் பைட்டாக வருவதால் ஆஸ்கிக்கு மாற்றிப் படிக்க வேண்டும், தராசு அனுப்புவது வெறும் எண்ணும் கேஜி என்ற இரண்டு எழுத்தும்தான், அதில் சிக்கலில்லை. காலிக் கட்டத்தை வரிசைப்படுத்துகிற இடம் இன்னும் பாக்கி. டிஃப் முழுசாக வெறுமையாக வந்த பிறகு, ரைட்டர் தானே சில நாள் இரண்டு சீட்டையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு புதியதற்கு மாறுவோம். அதுவரை சாயங்கால எடை 2.7-இல்.

அந்த மெஷின் வெளி வலைக்குப் போகாது, புரோகிராம் சாதாரண யூசராக ஓடுகிறது, தராசின் சீரியல் போர்ட்டுக்கு டயல்அவுட் குரூப், பிரிண்டருக்கு எல்பி குரூப், அவ்வளவுதான் அனுமதி. வெளி உலகத்தோடு பேசுகிற புரோகிராமுக்கு இந்த ஏற்பாட்டை நான் சொல்ல மாட்டேன். அப்படி ஒன்று பைத்தான் 2-இல் மாட்டிக்கொண்டு நின்றால் பைபை என்ற இன்னொரு பைத்தான் இன்டர்ப்ரெட்டரைப் பாருங்கள், அதைக் கட்டுகிற ஆர்பைத்தான் என்ற கருவியே பைத்தான் 2.7-ஐ நம்பி இருப்பதால் அவர்கள் 2.7-க்கான பதிப்பை இன்னும் விடாமல் வெளியிடுகிறார்கள். சி மாட்யூல் அதிகம் இருந்தால் அது சரிப்படுமா என்று முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

சீசன் முடிந்ததும் டெபியன் 13-க்கான சிஎச்ரூட்டில் இதே சோர்ஸைக் கட்டிப் பார்க்க வேண்டும். அதில் இருக்கும் சி கம்பைலர் ஜிசிசி 14. அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் இதுவரை வார்னிங் மட்டும் கொடுத்து விட்டுக்கொண்டிருந்தது, 14-இல் அது எர்ரர் ஆகிவிட்டது, பழைய சி கோடு பலதும் அங்கே நிற்கும். கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் செய்கிற சின்னச் சோதனைகள்கூட இதனால் தோற்று, இருக்கிற வசதியை இல்லை என்று எழுதிவிடக் கூடும், அதனால் பில்ட் முடிந்தது என்பதோடு விடாமல் அந்தச் சோதனை முடிவுகள் பதிவாகிற பைகான்ஃபிக் ஃபைலில் 12-இல் உருவானதையும் 13-இல் உருவாவதையும் வரிவரியாக ஒப்பிடப் போகிறேன். வித்தியாசம் வந்தால் அந்த எர்ரரைத் திரும்ப வார்னிங்காக்குகிற ஃப்ளாக்கை ரூல்ஸ் ஃபைலில் இந்த ஒரு பேக்கேஜுக்கு மட்டும் சேர்ப்பேன்.